நம்மை மேற்கோள் காட்டியவர்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

போன மாதம் பதவி உயர்வு நேர்காணல். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "எச்-இண்டெக்ஸ் எவ்வளவு மேடம்?" ஏழு என்றேன். மற்ற கட்டுரைகளில் ஏழு தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுப் பேப்பர் என்னிடம் ஏழு இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். குறித்துக்கொண்டார்கள். என்ன ஆய்வு செய்கிறேன் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அதுதான் மனதை அரித்துக்கொண்டே வந்தது.

தர்மபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடுதான் என் ஆய்வு. பல் கறை படிந்த பிள்ளைகளையும் முதுகு விறைத்துப்போன பெரியவர்களையும் பார்த்த பிறகு எடுத்த தலைப்பு. ஃபுளோரைடு கூடக்கூட சாயத்தின் நிறம் வெளுக்கும். அதை வைத்து அளக்கும் பழைய முறையைச் சின்ன லேபிலும் செய்யும்படி கொஞ்சம் மாற்றினோம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் அந்தப் பேப்பருக்கு 31 மேற்கோள். அன்று ராத்திரி 31 பேப்பரையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கள் பேப்பரைக் குறிக்கும் எண் வரும் வரியைத் தேடித் தேடிப் படித்தேன்.

நான்கு கிடைக்கவே இல்லை. ஆறு நாங்களே எழுதியவை. பதினான்கில், "குடிநீரில் ஃபுளோரைடு பெரிய பிரச்சினை" என்ற முன்னுரை வரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேப்பர்களோடு சேர்த்துக் கட்டிய மூட்டையில் நாங்களும் இருந்தோம். இரண்டு பேர் நாங்கள் சொல்லாததை நாங்கள் சொன்னதாக எழுதியிருந்தார்கள். நான்கு பேர் முறையை உண்மையிலேயே செய்து பார்த்திருந்தார்கள்.

மிச்சம் ஒன்று. அலுமினியம் கலந்த தண்ணீரில் எங்கள் முறை ஃபுளோரைடைக் குறைத்துக் காட்டுகிறது என்று அட்டவணை போட்டு நிறுவியிருந்தார்கள். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நம்பி ஒரு ஊரே குடிக்கலாம் அல்லவா? எனக்கு வந்ததிலேயே பெறுமதியான மேற்கோள் அதுதான். கணக்கில் அதுவும் ஒன்று, எனக்கு நானே போட்டுக்கொண்டதும் ஒன்று.

உங்களில் யாராவது இப்படித் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

*

மேடம், நான் கணக்குத் துறை. எங்களுக்கு ஏழு என்பதே பெரிய எண். என் பேப்பர் ஒன்று ஏற்கப்படவே இரண்டரை வருஷம் ஆனது. ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு வருஷத்தில் போட்ட கட்டுரைகளுக்கு இந்த வருஷம் வந்த மேற்கோளை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இம்பாக்ட் ஃபேக்டர். எங்கள் ஆள் ஒருவர் படித்து, யோசித்து, எழுதி, அது அச்சேறுவதற்குள் அந்த இரண்டு வருஷம் ஓடிப்போகும். 2005ல் எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்த இயற்பியலாளர் ஹிர்ஷ்கூட, உயிரியலாளர்களுக்கு இந்த எண் கூடுதலாக வரும் என்று அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். எங்கள் கல்லூரியில் எங்களையும் பயோடெக்கையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். கூட்டத்தில் அதைத் திரையில் காட்டியபோது, முப்பது வருஷ சர்வீஸ் உள்ள எங்கள் சார் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

*

நான் நூலகர். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று தொகுப்பதுதான் மேற்கோள் அட்டவணை. மேடம் அன்று ராத்திரி செய்ததுதான் அதன் உண்மையான வேலை. யூஜின் கார்ஃபீல்டு 1955ல் சயன்ஸ் இதழில் இந்த யோசனையை முன்வைத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, பழைய கட்டுரையின் மீது பின்னால் வந்த விமர்சனம் படிப்பவர் கண்ணில் பட வேண்டும் என்பது. அந்த அலுமினிய அட்டவணை உங்கள் கண்ணில் பட்டதே, அதற்காகத்தான் மேடம். ஆளுக்கு மார்க் போடும் பழக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஒருமுறை ஒரு ஆய்வு மாணவர், இம்பாக்ட் ஃபேக்டர் 49.9 என்று ஒரு படிகவியல் ஜர்னலைக் காட்டி, "சார், இதில் ஒன்று வந்தால் போதும்" என்றார். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ. முந்தைய வருஷம் அதற்குச் சுமார் 2தான். படிகங்களின் அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் மென்பொருளைப் பற்றி ஷெல்ட்ரிக் 2008ல் எழுதிய ஒரே கட்டுரையை, அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்ட, 2009க்கான எண் அப்படி எகிறிவிட்டது. பக்கத்துக் கட்டுரைகளுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. மாணவரை உட்காரவைத்து இதைக் காட்டவே அரை மணி நேரம் ஆனது. பதவி உயர்வுக்கு ஜர்னலின் எண்ணைப் பார்க்காதீர்கள் என்று 2012ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான டோரா (DORA) அறிக்கையை உலகம் முழுக்க எத்தனையோ நிறுவனங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன. நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

நன்றி சார், பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தண்ணீர் பரிசோதிக்கும் லேபிலிருந்து ஒரு தம்பி அவ்வப்போது கூப்பிடுவார். "மேடம், அந்தச் சாயக் கரைசலை எத்தனை நாள் வச்சிருக்கலாம்?" எங்கள் பேப்பரின் ஜெராக்ஸ் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறதாம். அவர் பேப்பர் எழுதப்போவதில்லை, எந்த எண்ணிலும் வரமாட்டார். நேற்று நானே கூப்பிட்டு அலுமினியம் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஜெராக்ஸின் ஓரத்தில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.