ஓட்டு போட்டே தான் ஆகணுமா? ஜனநாயகத்த விட்டா வேற நல்ல ஆட்சிமுறையே இல்லையா?

மதுரைக்காரன்77:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். 2016ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017ல ஆர்கே நகர், 2019ல வேலூர், இந்த நாலு எடத்துலயும் பணப் பட்டுவாடான்னு தேர்தல நிறுத்துனாங்க. மாட்டுனது நாலு, மாட்டாதது எத்தனைன்னு உங்க தெருவுக்கே தெரியும். அப்பறம் திரும்ப எலெக்சன் வச்சாங்க, அதே கட்சிக தான் நின்னுச்சு, அதே ஜனங்க தான் ஓட்டு போட்டுச்சு. 2024ல ஜெயிச்சு பார்லிமெண்ட் போன 543 பேர்ல 251 பேர் மேல கிரிமினல் கேஸ், அவங்களே அஃபிடவிட்ல எழுதிக் கொடுத்தது இது. இந்த லட்சணத்துக்கு எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி தேர்தல்? 65ல தனியா வந்த சிங்கப்பூர் எங்க போயிருச்சு பாருங்க. நமக்கும் ஒரு லீ குவான் யூ கெடச்சா ஒரு 20 வருஷம் எலெக்சனே வேணாம்ங்கிறேன். எதுத்து பேசுறவங்க பேசலாம்.

மொட்டமாடி:
நல்ல யோசனை தல. அந்த லீ குவான் யூவ யார் செலக்ட் பண்றது? ஓட்டு போட்டா? 🙂

சிங்கை_சரவணா:
மதுர அண்ணே, நான் இங்க பல வருஷமா இருக்கேன், ஒரு விஷயம் மொதல்ல தெளிவா சொல்லிர்றேன், சிங்கப்பூர்ல எலெக்சன் இருக்கு. சிட்டிசனா இருந்தா ஓட்டு போடுறது கட்டாயம் கூட. 2020ல ஆளுங்கட்சிக்கு கெடச்ச ஓட்டு 61 சதவீதம் தான், ஆனா சீட்டு 93ல 83. தொகுதி அமைப்பு அப்படி, குரூப் தொகுதின்னு நாலஞ்சு பேரா சேர்ந்து நிக்கணும், எதிர்க்கட்சிக்கு ஆள் தேத்துறதே பெரும்பாடு. அதனால "எலெக்சன் இல்லாம முன்னேறுன நாடு"ன்னு சொல்லாதீங்க, "ஆளுங்கட்சி மாறாமயே முன்னேறுன நாடு"ன்னு சொல்லுங்க, அது வேற.

ஆனா நான் உங்க பக்கம் தான் பாதி. இங்க 2024ல ஈஸ்வரன்னு ஒரு மினிஸ்டர், நம்மாளு தான், பரிசுப்பொருள் வாங்குன கேஸ்ல 12 மாசம் தண்டனை வாங்கி உள்ள போனார். சிட்டிங் கவர்மெண்ட்டே தன் மினிஸ்டர உள்ள தள்ளுது. நம்மூர்ல இது நடக்குமா? ஓட்டு போட்ட 70 வருஷத்துல வராத பயம் இங்க எப்படி வந்துச்சு? அதுக்கான விலையும் இருக்கு, மறைக்க மாட்டேன். சியா தாய் போன்னு ஒரு எதிர்க்கட்சி ஆள், 1966ல புடிச்சாங்க, விசாரணையே இல்லாம 1989 வரைக்கும் உள்ள வச்சிருந்தாங்க. அந்த விலை குடுக்கலாமா வேணாமான்னு தான் கேள்வி, அதுக்கு எனக்கு இன்னும் பதில் இல்ல.

ரங்கூன்_பேரன்:
லீ குவான் யூ பத்தி பேசுறவங்க ஒருத்தர் கூட பர்மா ராணுவத் தளபதி நே வின் பத்தி பேச மாட்டேங்கிறீங்க. அவரும் "கட்சிக்காரனுக எல்லாம் திருடனுக, நாட்ட நான் நேராக்குறேன்"னு தான் 1962ல வந்தாரு. யுத்தத்துக்கு முன்னாடி உலகத்துக்கே அரிசி ஏத்துமதி பண்ண ஊரு பர்மா. 64ல கடைங்களெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, எங்க தாத்தா கடையும் அதுல போச்சு, கையில இருந்தத விட்டுட்டு கப்பல்ல மெட்ராஸ் வந்து எறங்குனாரு. பர்மா பஜாரும் பர்மா காலனியும் இன்னிக்கும் இருக்கே, அதெல்லாம் எப்படி வந்துச்சுன்னு நெனச்சீங்க?

கேளுங்க இன்னும். 1987ல ஒரு நாள் திடீர்னு 25, 35, 75 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாரு, மாத்திக்கவும் முடியாது, போனது போனது தான். அதுக்கு பதிலா வந்தது 45 கியாட், 90 கியாட் நோட்டு. ஏன்னா ஒம்போதால வகுபடணுமாம், அவருக்கு ராசி நம்பர் ஒம்போதுன்னு ஊரே பேசிக்கிச்சு. ஒரு நாட்டோட சேமிப்பு பூரா ஒரு ஆளோட ஜாதகத்துக்கு போச்சு. அதே வருஷம் ஐநால மிகப் பின்தங்கிய நாடுன்னு பட்டியல்ல சேத்தாங்க. 26 வருஷம் அவர கேக்க ஆளில்ல, 88ல ஜனங்க ரோட்டுக்கு வந்து சுடப்பட்டு செத்த பிறகு தான் எறங்குனாரு, அப்பவும் ராணுவம் எறங்கல.

மதுரைக்காரன்77:
@ரங்கூன்_பேரன் நோட்டு செல்லாதுன்னு ஒரு நாள் ராத்திரி அறிவிக்கிறது ஓட்டு போடுற நாட்டுலயும் நடந்துருக்கு, 2016 நவம்பர் மறந்து போச்சா? அதுக்கப்பறமும் ஜெயிச்சாங்க.

கணக்குப்புள்ள:
அத நீங்க இங்க உக்காந்து திட்டி எழுதுறீங்கல்ல மதுர, ரங்கூன்ல அப்ப எழுதிருக்க முடியுமான்னு பாருங்க. சரி அத விடுங்க, ஒரே வேலைய ரெண்டு விதமான ஆட்சி எப்படி பண்ணுச்சுன்னு ஒரு உதாரணம் தர்றேன், இதுல தான் எனக்கு விஷயமே இருக்கு.

குடும்பக் கட்டுப்பாடு. எமர்ஜென்சில இந்தியால கட்டாயமா ஆபரேஷன் பண்ணாங்க. 1976-77ல மட்டும் 81 லட்சம் பேருக்கு. வாத்தியாருக்கெல்லாம் ஆள் புடிச்சிட்டு வரணும்னு கோட்டா, புடிக்கலன்னா சம்பளம் கட். பேப்பர்ல சென்சார், தலைவர்கள்லாம் ஜெயில்ல, யார் கேக்குறது? அப்பறம் 77 மார்ச்ல எலெக்சன் வச்சாங்க. உபில 85 சீட்டுல காங்கிரஸ்க்கு பூஜ்யம். பீகார்ல 54ல பூஜ்யம். ரேபரேலில இந்திரா காந்தியே தோத்தாங்க, பக்கத்துல அமேதில சஞ்சயும் தோத்தாரு. அதோட முடிஞ்சது. இன்னிக்கு வரைக்கும் எந்த கட்சியும் அந்த மாதிரி ஊர் ஊரா ஆள் புடிக்க துணியல.

இப்ப சீனா. ஒரு குழந்த திட்டம் 1980 வாக்குல வந்தது, 2015 வரைக்கும் ஓடுச்சு. ரெண்டாவது பெத்தா அபராதம், கட்டாய கருக்கலைப்பு, புள்ளைக்கு பதிவு குடுக்காம இழுத்தடிக்கிறது. இதுல கொடுமை என்னன்னா அந்த திட்டம் வர்றதுக்கு முன்னாடியே, 70கள்லயே, பிறப்பு விகிதம் ஒரு பொண்ணுக்கு 6க்கு பக்கத்துல இருந்து 3க்கு கீழ வந்துருச்சு. தேவையே இல்லன்னு சொல்ல அங்கயும் படிச்சவன் இருந்தான், ஆனா சொல்றவன் பேச்ச கேட்டே ஆகணும்ங்கிற கட்டாயம் மேல இருக்கிறவனுக்கு இல்ல. 35 வருஷம்! 2022ல இருந்து ஜனத்தொகை கொறையுது, இப்ப மூணு பெத்துக்கோங்கன்னு கெஞ்சுறாங்க. இங்க தமிழ்நாட்ட பாருங்க, கட்டாயம் எல்லாம் இல்லாம பொம்பளப் புள்ளைங்க படிச்சு, ஆஸ்பத்திரி பக்கத்துல வந்து, 2000 வாக்குலயே ரெண்டுக்கு பக்கத்துல வந்துட்டோம்.

நான் ஓட்டு போடுறவன் அறிவாளின்னு சொல்லவே இல்ல. தப்பு எல்லா ஆட்சிலயும் தான் நடக்கும், ஒரு எடத்துல ரெண்டு வருஷத்துல நின்னுச்சு, இன்னொரு எடத்துல நிக்க 35 வருஷம் ஆச்சு. எனக்கு அந்த 33 வருஷ வித்தியாசம் போதும்.

மதுரைக்காரன்77:
சூப்பரா பேசுறீங்க, ஆனா கணக்குல ஒரு மாநிலத்த விட்டுட்டீங்களே கணக்கு. 77ல தமிழ்நாடு என்ன பண்ணுச்சு? 76 ஜனவரில ஆட்சிய கலைச்சாங்க, மிசால தூக்கி உள்ள போட்டு அடிச்சாங்க, அதுக்கப்பறமும் அதிமுக காங்கிரஸ் கூட்டணிக்கு 39ல 34 குடுத்தோம். எமர்ஜென்சிய தண்டிச்சாங்களாம்.

கணக்குப்புள்ள:
குடுத்தோம். இல்லன்னு சொல்லல. அந்த ஆபரேஷன் கொடும உபி, அரியானா மாதிரி இங்க விழல, எம்ஜிஆர் அலையும் இருந்துச்சு. அடி வாங்குனவன் திருப்பி அடிச்சான், வாங்காதவன் வேற காரணத்துக்கு ஓட்டு போட்டான். அடி வாங்குனவன் கையில ஒரு ஓட்டு இருக்கணும், நான் கேக்குறது அவ்ளோ தான்.

யாழ்_வாசி:
அடி வாங்கினவன்ர கையில ஓட்டு இருந்தால் காணும் எண்டு சொல்றியள். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன், எங்கட கதையையும் கொஞ்சம் கேளுங்கோ. இலங்கையில 1931லயே ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் வாக்குரிமை வந்திட்டுது, உங்களுக்கு 20 வருசத்துக்கு முதல். எங்களுக்கு நடந்த அநியாயம் எதுவும் ஆமிக்காரன் ஆட்சியைப் பிடிச்சு செய்ததில்லை, எல்லாம் வாக்கெடுத்து, கை தூக்கி, சட்டமாக்கித்தான் செய்தவை.

1948ல பிரஜாவுரிமைச் சட்டம். தேயிலைத் தோட்டத்தில தலைமுறையா வேலை செய்த மலையகச் சனம் லட்சக்கணக்கில நாடற்றவை ஆச்சினம். 47 தேர்தலில அவையள்ட ஆக்கள் பாராளுமன்றம் போனவை, 52ல ஒருத்தரும் இல்லை, ஏனெண்டால் வாக்கே இல்லை. நல்லாக் கவனியுங்கோ, வாக்காலயே வாக்கைப் பறிச்சவை. 1956ல தனிச் சிங்களச் சட்டம், சிங்களம் மட்டும் தான் ஆட்சிமொழி எண்டு, 56க்கு 29 வாக்கில. அதுவும் தேர்தல் வாக்குறுதி, சனம் விரும்பிப் போட்ட வாக்கு. 1982ல சனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தனா பொதுத்தேர்தல் வைக்காமல் பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருசத்துக்கு நீட்டலாமோ எண்டு சனத்திட்டயே கேட்டவர், 54 வீதத்துக்கு மேல ஓம் எண்டினம். தேர்தல் வேண்டாம் எண்டு சொல்ல ஒரு தேர்தல்!

கணக்குப்புள்ள தம்பி, உங்கட 33 வருசக் கணக்கு பெரும்பான்மைக்கு வலிச்சால் தான் வேலை செய்யும். உபியில வலிச்சது பெரும்பான்மைக்கு. எங்களுக்கு வலிக்கேக்க அங்க வாக்கு கூடினது.

மொட்டமாடி:
இதுக்கு ஜோக் அடிக்க வாய் வரல.

கணக்குப்புள்ள:
அண்ணே, அதுக்கு தான கோர்ட்டு, அரசியல் சட்டம், அடிப்படை உரிமைன்னு வச்சிருக்கோம். 51 பேர் சேர்ந்து 49 பேர் வீட்ட எடுத்துக்க முடியாதுன்னு ஒரு வேலி வேணும். வேலி இல்லாத தேர்தல நான் ஜனநாயகம்னு சொல்ல மாட்டேன்.

யாழ்_வாசி:
வேலி இருந்தது. சோல்பரி யாப்பில, அதான் சுதந்திரத்தோட வந்த அரசியல் சட்டத்தில, 29ம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமா சட்டம் போடேலாது எண்டு எழுதியே கிடந்தது. பிரஜாவுரிமை வழக்கு அப்ப எங்களுக்கு ஆக மேல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது, 1953ல அவை சட்டம் சரி எண்டிட்டினம். 72ல புது யாப்பு எழுதேக்க அந்தப் பிரிவையே தூக்கிப் போட்டினம். நான் சர்வாதிகாரம் கேக்கேல்லை, விளங்குதோ? அதையும் கண்டனாங்கள். ஜனநாயகம் தான் ஆகச் சிறந்தது எண்டு ஆரும் நெஞ்சில தட்டிச் சொன்னால் எனக்கு எரியுது, அவ்வளவு தான்.

சிங்கை_சரவணா:
அண்ணன் சொன்னது நம்ம பக்கமும் வருது பாருங்க. ஜனத்தொகைய கொறச்சோம்னு கணக்கு பெருமையா சொன்னாரே, அந்த பெருமைக்கு தான் தொகுதி மறுவரையறைல ஆப்பு. எந்த மாநிலம் கொறைக்கலயோ அதுக்கு சீட்டு கூடும். இதுல காமெடி என்னன்னா 71 சென்சஸ் கணக்குல சீட்ட நிறுத்தி வச்சது 42வது திருத்தம், 1976, அதே எமர்ஜென்சில வந்தது. அப்பறம் 84வது திருத்தத்துல 2026க்கு அப்பறம் எடுக்குற மொத சென்சஸ் வரைக்கும் தள்ளுனாங்க. நம்ம 39ஐ இத்தன வருஷம் காப்பாத்துனதே எதிர்க்கட்சிக்காரன ஜெயில்ல போட்டுட்டு போட்ட திருத்தம் தான்.

மதுரைக்காரன்77:
அடிச்சார் பாருங்க சிக்ஸர்.

கணக்குப்புள்ள:
அந்த திருத்தத்துல பாதிய 77க்கப்பறம் வந்தவங்க மாத்துனாங்க, இத மாத்தாம விட்டு வச்சாங்க, அதையும் சொல்லுங்க. எனக்கு தெரிஞ்ச மருந்து மேல்சபை தான். நம்ம ராஜ்யசபாலயும் உபிக்கு 31, நமக்கு 18, அங்கயும் தலைய எண்ணித்தான் சீட்டு. அமெரிக்கால செனட் பாருங்க, கலிபோர்னியாவா இருந்தாலும் வயோமிங்கா இருந்தாலும் ரெண்டு ரெண்டு தான். அப்படி ஒரு சபை இருந்தா கூட்டம் பெருசா இருக்கேன்னு மட்டும் ஒரு சட்டத்த தள்ளிட்டு போக முடியாது.

யாழ்_வாசி:
அப்பிடி ஒரு சபையில வடக்கு கிழக்குக்கு மற்ற மாகாணங்களுக்குச் சமனா கதிரை இருந்திருந்தால் 56 வேற மாதிரிப் போயிருக்கலாம். ஆனால் அதைத் தர வேண்டியதும் அதே பெரும்பான்மை தானே தம்பி?

மதுரைக்காரன்77:
அதுவும் போக, நம்ம 7 கோடி பேரு. சிக்கிம் 6 லட்சம். ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டுங்கிறீங்க. அப்ப அடி வாங்குனவன் கையில ஓட்டுன்னு சொன்னீங்களே கணக்கு, அந்த ஓட்டு சிக்கிம்காரன் கையில மட்டும் நூறு ஓட்டா?