23 பேர் குழுவுக்கு ஜிராவா, ட்ரெல்லோவா, சொந்த சர்வரா?

நூல்கண்டு:
கோவையில் 23 பேர் கொண்ட மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. க்ளையன்ட்டுகளுக்குச் செயலியும் வலைத்தளமும் செய்து தருகிறோம். டெவலப்பர்கள் 12 பேர், டிசைனர்கள் 3, டெஸ்டர்கள் 4, மீதி 4 பேர் சப்போர்ட். ஒரே நேரத்தில் ஏழு க்ளையன்ட் வேலை ஓடுகிறது. இதுவரை எல்லாமே வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு கூகுள் ஷீட்டிலும்தான்.

போன வாரம் ஒரு க்ளையன்ட், பணம் கட்டும் பக்கத்தில் சின்ன மாற்றம் வேண்டும் என்று வாய்ஸ் நோட் அனுப்பினார். சப்போர்ட்டில் இருப்பவர் அதை அப்படியே குழுவில் போட்டார். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே மாற்றத்தைச் செய்து முடித்துவிட்டார்கள். அந்த வாய்ஸ் நோட்டின் கடைசியில், ரசீதில் வரித்தொகை தப்பாக வருகிறது என்று ஒரு புகாரும் இருந்தது. அதை யாருமே எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து அவரே போன் செய்தபோதுதான் தெரிந்தது. ஷீட்டைத் திறந்து பார்த்தால் ரசீதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வேலைகளைப் பதிந்து கண்காணிக்க ஒரு கருவி வேண்டும். என் பங்குதாரர் ஜிரா வாங்கிவிடலாம் என்கிறார். டிசைனர்கள் ட்ரெல்லோ போதும் என்கிறார்கள். இப்படிப்பட்ட குழுவை நடத்தியவர்கள் சொல்லுங்கள்.

பிழைதீர்ப்பான்:
ஜிராதான், யோசிக்கவே வேண்டாம். அது 2002-இல் பிழைகளைக் கண்காணிக்கும் கருவியாகத்தான் பிறந்தது. உங்களுக்கு நடந்தது அது தீர்க்க வந்த பிரச்சினையேதான். ஒரு டிக்கெட்டுக்கு, அதாவது பதிந்த ஒவ்வொரு வேலைக்கும், ஒரு எண், அதற்குப் பொறுப்பாக ஒரே ஒரு ஆள். ஒருவர் எடுத்துவிட்டால் இன்னொருவருக்கு அது தெரியும். எழுதிய நிரலை கிட்டில் (நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஏற்றும்போது அந்த எண்ணையும் சேர்த்து எழுதினால், ஆறு மாதம் கழித்து 'இந்த வரியை ஏன் மாற்றினோம்' என்று கேட்டாலும் பதில் அங்கேயே இருக்கும். ஏழு க்ளையன்ட்டுக்கு ஏழு ப்ராஜெக்ட், யார் எதைப் பார்க்கலாம் என்று தனித்தனியாகப் பிரித்து வைக்கலாம். 10 பேர் வரை இலவசம். 23 பேருக்குச் சந்தா கட்டத்தான் வேண்டும், ஆனால் ஒரே வேலையை இரண்டு பேர் செய்த சம்பளத்தைக் கணக்குப் பாருங்கள்.

வெள்ளைப்பலகை:
பிழைதீர்ப்பான் சார், அனுபவத்தில் சொல்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். என் அனுபவம் நேர் எதிர். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய கருவி வாங்கினார்கள். ஒரு பிழையைப் பதிய பதினொரு கட்டம் நிரப்ப வேண்டும், அத்தனையும் கட்டாயம். முன்னுரிமை ஒரு கட்டம், தீவிரம் இன்னொரு கட்டம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. 'மூலக்காரணம்' என்று ஒரு கட்டம். பிழையை இப்போதுதான் பார்த்திருக்கிறோம், அதற்குள் மூலக்காரணத்துக்கு எங்கே போவது? எல்லோரும் அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

நாலே மாதத்தில் வேலை ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. வாரம் முழுக்க யாரும் தொடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து எல்லா டிக்கெட்டையும் மொத்தமாக 'முடிந்தது' என்று தள்ளுவார்கள். திங்கள்கிழமை மேலாளர் கையில் இருக்கும் ரிப்போர்ட் அழகாக இருக்கும், ஆனால் அதில் இருப்பது எதுவும் உண்மை கிடையாது.

டொயோட்டா கார் நிறுவனத்தில் பொறியாளர் தாயிச்சி ஓனோ கொண்டுவந்த கான்பன் முறை ஒரு அட்டைதான். என்ன பொருள், எத்தனை, எங்கே போக வேண்டும், அவ்வளவுதான் அதில் இருக்கும். ட்ரெல்லோ அந்த அட்டையைத் திரையில் காட்டுகிறது. கார்டை இழுத்து அடுத்த வரிசையில் வைக்க யாருக்கும் பயிற்சி வேண்டாம்.

பிழைதீர்ப்பான்:
'பதினொரு கட்டம்' என்றீர்களே, அதைக் கட்டாயமாக்கியது கருவியா, உங்கள் அட்மினா? ஜிராவில் ஒரு புது ப்ராஜெக்ட் திறந்து பாருங்கள். தலைப்பு எழுதினால் டிக்கெட் உருவாகிவிடும். மீதி எல்லாம் நாம் சேர்ப்பது.

கான்பன் அட்டை எளிமையானது, சரி. ஆனால் டொயோட்டாவில் அந்த அட்டை பொருளோடு சேர்ந்தே போகும். நம் வேலையில் பொருள் கண்ணுக்குத் தெரியாது. ஏழு க்ளையன்ட்டுக்கு ஏழு போர்டு, ஒவ்வொன்றிலும் நூறு கார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று என் தலையில் இருக்கும் வேலை என்ன என்று ஒரு டெவலப்பர் எப்படிப் பார்ப்பார்? இது முடிந்தால்தான் அது என்ற சங்கிலியை எங்கே வைப்பீர்கள்?

வெள்ளைப்பலகை:
யார் கட்டாயமாக்கினார்கள் என்று எனக்குத் தெரியும் சார், பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு முறை தவறு நடந்த பிறகும் ஒரு கட்டம் கூடும். 'இனிமேல் இதையும் எழுத வைப்போம்' என்பார்கள். கூட்டியதை யாரும் எடுத்ததே இல்லை. கருவி இடம் கொடுக்கிறது, மனிதர்கள் நிரப்புகிறார்கள். நூல்கண்டு ஏற்கனவே ஒரு தவறால் நொந்துபோய் வந்திருக்கிறார். அவர் கையில் ஜிராவைக் கொடுத்தால் முதல் நாளே ஆறு கட்டம் போடுவார். அதனால்தான் அவ்வளவு இடம் கொடுக்காத கருவியைச் சொல்கிறேன்.

தேர்வறை:
நான் ஒன்பது வருடமாக டெஸ்டர். இரண்டு பேருமே பதிகிறவரைப் பற்றிப் பேசுகிறீர்கள். பதிந்ததை எடுத்து வேலை செய்கிறவரையும் கொஞ்சம் பாருங்கள். 'ரசீது தப்பா வருது' என்று ஒரு கார்டு வந்தால் நான் என்ன செய்வது? எந்த பில்டு (செயலியின் எந்தப் பதிப்பு), எந்த போன், எதை அழுத்தினால் வந்தது, என்ன வந்திருக்க வேண்டும்? இந்த நான்கும் இல்லையென்றால் ஒருமணி நேரம் எனக்குப் போகும், அப்புறம் 'என் மெஷினில் சரியாகத்தானே வருகிறது' என்று டெவலப்பர் திருப்பி அனுப்புவார். நான்கு கட்டம் வேண்டும். பதினொன்று வேண்டாம்.

இன்னொன்று. 'முடிந்தது' என்றால் டெவலப்பருக்கு நிரல் எழுதியாயிற்று என்று அர்த்தம். எனக்குச் சோதித்தாயிற்று என்று அர்த்தம். க்ளையன்ட்டுக்கு அவர் போனில் வந்துவிட்டது என்று அர்த்தம். மூன்றுக்கும் தனித்தனி வரிசை போடாமல் எந்தக் கருவி வாங்கினாலும் சண்டைதான். அதோடு 12 டெவலப்பருக்கு 4 டெஸ்டர் என்கிறீர்கள். சோதனை வரிசையில் இத்தனைக்கு மேல் நிற்கக்கூடாது என்று ஒரு வரம்பு வையுங்கள். வரம்பு நிரம்பினால் டெவலப்பர்கள் புது வேலை எடுக்காமல் சோதனைக்குக் கைகொடுக்கட்டும். ஜிரா போர்டில் இது உண்டு, ட்ரெல்லோவில் பவர்-அப் (கூடுதல் வசதி) ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சொந்தவீடு:
ட்ரெல்லோவையும் 2017-இல் ஜிராவைச் செய்யும் அட்லாசியன்தான் வாங்கியது, 42.5 கோடி டாலருக்கு. நீங்கள் ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்காக வாதாடுகிறீர்கள். என் கவலை வேறு. 2022 ஏப்ரலில், பழைய ஆப் ஒன்றை நீக்க அட்லாசியன் ஓட்டிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்), தவறான அடையாள எண்களால் வாடிக்கையாளர்களின் தளங்களையே அழித்துவிட்டது. சுமார் 775 வாடிக்கையாளர்கள். சிலருக்கு 14 நாள் வரை எதுவும் கிடையாது. சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளும் ஜிரா சர்வர் பதிப்புக்கும் 2024 பிப்ரவரி 15-உடன் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். சொந்த சர்வரில் ஏற்றிக்கொள்ளும் ரெட்மைன் என்ற கருவி 2006-இலிருந்து இருக்கிறது, திறந்த மூலம், ஆள் கணக்குக்குச் சந்தா இல்லை. உங்கள் டேட்டா உங்கள் கையில்.

பிழைதீர்ப்பான்:
14 நாள் ஆனாலும் அவர்கள் மீட்டுக் கொடுத்தார்கள், அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். 23 பேரில் சர்வர் பார்க்க யார் இருக்கிறார்? ராத்திரி டிஸ்க் போனால் யார் எழுந்து வருவார்? பேக்அப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். எடுத்ததை ஒருமுறையாவது வேறு மெஷினில் ஏற்றிப் பார்த்தவர் எத்தனை பேர்?

சொந்தவீடு:
நியாயமான கேள்வி. நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றிப் பார்க்கிறோம், அதற்கு ஆள் இருக்கிறார். ஆள் இல்லாதவர்கள் மேகத்திலேயே, அதாவது நிறுவனத்தின் சர்வரிலேயே, இருங்கள். ஆனால் வாரம் ஒருமுறை எல்லா டிக்கெட்டையும் எக்ஸ்போர்ட் செய்து தனியாக வையுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மணிக்கணக்கு:
க்ளையன்ட்டிடம் மணிக்கு இவ்வளவு என்று பில் போடுகிறீர்களா? ஆம் என்றால் ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் என்ற கருவியையும் ஒருமுறை பாருங்கள். டைம்ஷீட் உள்ளேயே இருக்கிறது, அங்கிருந்து இன்வாய்ஸுக்குக் கொண்டுபோகலாம்.

தேர்வறை:
நூல்கண்டு சார், உங்கள் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்ததை எந்தக் கருவியும் தடுத்திருக்கும். ஆனால் ரசீது எந்தக் கருவியிலும் தொலைந்திருக்கும். ஏனென்றால் அது கருவிக்கு வந்து சேரவே இல்லை. வாய்ஸ் நோட்டைக் கடைசிவரை கேட்டு, இதில் இரண்டு வேலை இருக்கிறது என்று பிரிக்க வேண்டியது யார்?

நூல்கண்டு:
மேடம், நேற்று இதைச் சோதித்தே பார்த்தோம். அதே வாய்ஸ் நோட்டைச் சப்போர்ட்டில் இருக்கும் இன்னொருவரிடம் கொடுத்து, ஜிராவிலும் ட்ரெல்லோவிலும் பதியச் சொன்னேன். பழைய கதை அவருக்குத் தெரியாது. இரண்டிலும் வேகமாகவே பதிந்தார். ஆனால் இரண்டிலும் ஒரே ஒரு டிக்கெட்தான், தலைப்பு 'பேமென்ட் பக்கம் மாற்றம்'. ரசீது மறுபடியும் விடுபட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அதனால் முதலில் ஆளைப் போட்டோம். ஒவ்வொரு க்ளையன்ட்டுக்கும் சப்போர்ட்டில் ஒருவர் பொறுப்பு. எந்த வாய்ஸ் நோட்டானாலும் முழுக்கக் கேட்டு, எத்தனை வேலை, என்னென்ன என்று க்ளையன்ட்டுக்கே எழுதி அனுப்பி, 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் டிக்கெட். எண் இல்லாத வேலையை டெவலப்பர் தொடக்கூடாது. கருவி விஷயத்தில், அந்த ஒரு க்ளையன்ட் வேலையில் இருக்கும் 9 பேரை வைத்து ஜிராவில் இரண்டு மாதம் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். 10 பேருக்குள் என்பதால் செலவில்லை. பிழைக்கு மட்டும் மேடம் சொன்ன நான்கு கட்டம்.

வெள்ளைப்பலகை:
9 பேருக்குச் சரியாக வந்தால் 23 பேருக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிசைனர்களை முதல் நாளிலிருந்தே உள்ளே வையுங்கள், முதலில் கைவிடுகிறவர்கள் அவர்கள்தான். புதுக் கட்டம் சேர்க்கும் உரிமையை ஒரே ஒருவருக்குக் கொடுங்கள். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

பிழைதீர்ப்பான்:
இந்தக் கடைசி விஷயத்தில் நானும் அவர் பக்கம்தான்.

நூல்கண்டு:
டெஸ்டர்களில் மூத்தவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு டிசைனரும் அந்த 9 பேரில் இருக்கிறார். ரசீதுப் பிழையை இப்போதுதான் பதிந்தோம்: பில்டு, போன், அழுத்திய வரிசை, வந்திருக்க வேண்டிய வரித்தொகை. எண் 1.