புதுப்பிப்பு: பழைய மேசை ரம்பத்தின் தூள் தொல்லை

வாங்கிய பழைய மேசை ரம்பம் (மேசை நடுவே வட்டப் பிளேடு சுழன்று மரம் அறுக்கும் இயந்திரம்) பட்டறை முழுவதும் தூளை இறைக்கிறது, வேக்குவம் கிளீனரை மாட்டியும் பயனில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். "அடிப்பகுதி திறந்திருக்கிறதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கோளாறு அங்கேதான் இருந்தது!

அடியில் 12 மி.மீ. ப்ளைவுட் அடைத்து, நடுவில் 4 அங்குலத் துளையிட்டு, தூள் உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயைப் பொருத்தினேன். வேக்குவம் கிளீனர் வேகமாக இழுத்தாலும் அதன் காற்றளவு குறைவு. மேசைக்கு அடியில் உள்ள பெரிய பெட்டிக்கு அது போதாது. பின்புறம்தான் பாடாய்ப் படுத்தியது. மோட்டார் வெளியே தொங்குகிறது, பிளேடை 45 டிகிரி சாய்த்தால் அதுவும் நகர்கிறது. ஆகவே பின்புற மூடியை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்தேன். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்.

பிறகு ஒரு தவறு செய்தேன். எல்லா இடுக்குகளையும் டேப் ஒட்டி மூடியதும் தூள் பெட்டிக்குள்ளேயே தேங்கியது. காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் எதை இழுக்கும்? முன்பக்கக் கைச்சக்கரத்தின் பிளவை மறுபடி திறந்துவிட்டேன், சரியாகிவிட்டது.

மேசைக்கு மேலே பறப்பது மட்டும் இன்னும் மிச்சம், குறிப்பாக எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த) பலகையின் ஓரத்தைச் சீவும்போது. பிளேடு மூடியில் தனிக்குழாய் வைப்பது அடுத்த வேலை. அதுவரை முகக்கவசத்தைக் கழற்றப் போவதில்லை. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995-லேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது.