பேனல் திறக்குதில்லை: வன்னியில் சேவர் பார்க்கிறவர்களின் அனுபவங்கள்

பரந்தன் சந்தி:

புதுக்குடியிருப்பில் ஒரு ஹாட்வெயார் கடைக்குத் தளமும், கடைப் பெயரில் மின்னஞ்சலும் செய்து கொடுத்திருந்தேன். ஒருநாள் காலையில் முதலாளி கோல் எடுத்தார். "தம்பி, சேவர் செத்துப்போச்சு. மெயிலும் இல்லை, பேனலும் இல்லை." சேவர் என்றால் தளமும் மெயிலும் ஓடுகிற தொலைக் கணினி. பேனல் என்றால் அதைப் பிரவுசரில் நின்று நிர்வகிக்கிற பக்கம், இங்கே சீபேனல். பரந்தனில் இருந்து நான் திறந்தால் எல்லாம் திறக்கிறது. கனடாவில் இருக்கும் அவருடைய தம்பிக்கும் தளம் வடிவாகத் தெரிகிறதாம். கடைக்குள் மட்டும்தான் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் பிரவுசர் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பேனலின் போர்ட்டுகளான (வாசல் இலக்கங்களான) 2083இலோ 2087இலோ பக்கம் சுற்றிச் சுற்றி நின்று, கடைசியில் நேரம் கடந்துவிட்டது என்று வந்தால் பெரும்பாலும் வழியில் ஃபயர்வோல் (வருகிற இணைப்புகளை வடிகட்டுகிற காவல்) மறிக்கிறது. கை எடுக்க முன்னமே இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் சேவர் உயிரோடு இருக்கிறது, பேனலின் சேவை விழுந்துகிடக்கிறது. முதலாவதற்குப் பேனலை மீள இயக்கி ஒரு பிரயோசனமும் இல்லை. முதலாளி அனுப்பிய படத்தில் இருந்தது முதலாவது.

சேவரின் ஃபயர்வோல் மென்பொருள் சிஎஸ்எஃப். சேவருக்குள் போய் 'சிஎஸ்எஃப் -ஜி' என்று கொடுத்துக் கடையின் ஐபியை (இணைய முகவரி இலக்கத்தை) தேடினேன். தடைப்பட்டியலில் இருந்தது. பிழையான நுழைவுகளைக் கவனித்து மறிக்கிற, அதன் துணையான எல்எஃப்டியின் லொக்கை (பதிவேட்டை) பார்த்தால் காரணமும் இருந்தது: ஒரே மின்னஞ்சல் கணக்குக்குப் பிழையான கடவுச்சொல், திரும்பத் திரும்ப. முந்தின கிழமை கணக்காளர் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். கணினியில் புதியதைப் போட்டுவிட்டார், லொறி ஓடுகிற பெடியனின் போனில் பழையது அப்படியே கிடந்தது. அவன் கடைக்கு வந்து வைஃபையில் சேரும் நேரமெல்லாம் போன் தானாகப் போய்த் தட்டுகிறது. அவனுக்கு ஒன்றும் தெரியாது.

'சிஎஸ்எஃப் -டிஆர்' கொடுத்துத் தடையை எடுத்தால் திறக்கும். போனைத் திருத்தாவிட்டால் பின்னேரம் திரும்பவும் பூட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இங்கே பல கடைகளும் கந்தோர்களும் சிம் போட்ட ரவுட்டரில்தான் ஓடுகின்றன. மொபைல் வலையமைப்பு பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைக்கிறது. ஒட்டுசுட்டானில் யாரோ முன்பின் தெரியாதவர் செய்த பிழைக்கு உங்கள் கடை மறிக்கப்படலாம். ஐபியும் நிலையாக நிற்காது, ஆகவே அனுமதிப்பட்டியலில் போட்டு வைப்பதும் நீண்டநாள் உதவாது. சிஎஸ்எஃபில் டின்டிஎன்எஸ் என்று ஒரு அமைப்பு உண்டு, மாறுகிற ஐபிக்கு ஒரு பெயர் கொடுத்து அந்தப் பெயரை அனுமதிக்கலாம். நான் இப்போது எனக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்று கவனிக்கவும்: சிஎஸ்எஃபைச் செய்த நிறுவனம் 2025 ஆகஸ்ட் 31உடன் மூடிவிட்டது. மூலநிரலைத் திறந்து விட்டுத்தான் போனார்கள், ஆனால் பழைய இடத்தில் இருந்து இனி அப்டேட் வராது.

மாங்குளத்தான்:

அண்ணை சொன்னது வெளியில் நிற்கிறவனின் பிரச்சினை. எனக்கு வந்தது உள்ளே. பேனலின் நுழைவுப் பக்கம் வருகிறது, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் திரும்ப அதே பக்கம். பிழை என்றும் சொல்லாது. தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லும் எழும்பவில்லை.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்று நினைத்து 'டிஎஃப் -எச்' பார்த்தேன். பாதிக்கு மேல் வெறுமை. பிறகு 'டிஎஃப் -ஐ' பார்த்தால் 100 வீதம். இடம் இருக்கிறது, ஆனால் புதிதாக ஒரு கோப்பைக்கூடப் பதிய ஐநோட் இல்லை. கொப்பியில் தாள் மிச்சம், பொருளடக்கத்தில் வரி முடிந்துவிட்டது என்கிற மாதிரி. பேனல் உங்களை உள்ளே விட வேண்டுமென்றால் நீங்கள் நுழைந்ததைப் பதிகிற ஒரு செஷன் கோப்பு எழுத வேண்டும். அதை எழுத முடியாததால் திருப்பித் திருப்பி வாசலிலேயே விடுகிறது.

கோப்புகள் எங்கே குவிந்தன என்று தேடினால், மெயில் அனுப்புகிற எக்ஸிம் என்ற மென்பொருளின் வரிசை. ஒரு பள்ளிக்கூடத் தளத்தின் தொடர்புப் படிவத்தில் ஆளா ரோபோவா என்று சோதிக்கிற கப்ட்சா இல்லை. எங்கோ இருக்கிற ரோபோக்கள் அதை நிரப்ப, படிவம் பொய் முகவரிகளுக்கு நன்றிக் கடிதம் அனுப்ப, அவையெல்லாம் திரும்பி வந்து வரிசையில் கிடந்திருக்கின்றன. 'எக்ஸிம் -பிபிசி' கொடுத்தால் எத்தனை நிற்கிறது என்று எண்ணிச் சொல்லும். நட்சத்திரக் குறி போட்டு அழிக்கப் பார்த்தால் பட்டியல் நீளம் கூடிவிட்டது என்று மறுக்கும், 'ஃபைண்ட்' கட்டளையோடு 'டிலீட்' சேர்த்துத்தான் அழிக்க வேண்டும். முதலில் படிவத்தை நிறுத்திவிட்டு அழியுங்கள்.

வவுனியா அக்கா:

என்னுடையது தொழில்நுட்பத்தை விட ஆட்கள் சம்பந்தப்பட்ட கதை. ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்குச் சேவர். இங்கே நிர்வாகம், லண்டன் கிளை காசு கட்டுகிறது, ரூட் (சேவரின் தலைமைக் கணக்கு) கடவுச்சொல் லண்டனில் ஒருவரிடம். விளையாட்டுப் போட்டிக் கிழமையில் சீபேனலில் உரிமம் காலாவதி என்று சிவப்பாக வந்து நின்றது. தளம் ஓடுகிறது, மெயில் போகிறது, ஆனால் படங்களை ஏற்றப் பேனலுக்குள் போக முடியாது. எங்கள் காலை எட்டு மணிக்கு லண்டனில் நடுச்சாமம். அவர் எழும்பும் வரைக்கும் இருக்க வேண்டியதுதான்.

காசு கட்டிய பிறகும் அதே சிவப்பு. இந்த உரிமம் சேவரின் ஐபியோடு கட்டப்பட்டது. இடையில் வாடகைக்குக் கொடுத்தவர்கள் சேவரை வேறு இடத்துக்கு மாற்றிப் புது ஐபி கொடுத்திருந்தார்கள், லண்டன்காரர் கட்டியது பழைய ஐபிக்கு. சேவர் வெளியே போகும்போது எந்த ஐபியில் போகிறது என்று உள்ளிருந்தே பார்த்து, அதை உரிமம் விற்றவரிடம் கொடுத்து மாற்றிய பின், உரிமத்தைப் புதுப்பிக்கிற 'சிபிகீசிஎல்டி' ஓடவிட்டேன், திறந்தது. ஐபி சரியாக இருந்தும் வராவிட்டால் வெளிச்செல்லும் 2089 போர்ட்டைப் பாருங்கள். உரிமச் சேவரோடு கதைப்பது அதில்தான். ஃபயர்வோலை இறுக்குகிறவர்கள் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவதுண்டு.

2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 350ஐத் தாண்டியபோது சின்னச் சங்கங்கள் இலவசப் பேனல்களுக்குப் போயின. 2019இல் சீபேனல் கணக்கு எண்ணிக்கைப்படி விலை வைத்தபோதே சிலர் போய்விட்டார்கள். போனதில் பிழையில்லை. ஆனால் இலவசப் பேனலை நிறுவிவிட்டு மறந்துவிடுகிறார்கள். 2024 ஒக்டோபரில் சைபர்பேனல் என்ற இலவசப் பேனலின் ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பல்லாயிரம் சேவர்கள் மாட்டின, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். அதன் 8090 போர்ட்டை ஊருக்கெல்லாம் திறந்து வைக்காதவர்கள் தப்பினார்கள். பேனல் ஒரேயடியாகச் செத்திருந்தால் திருத்தத் தொடங்க முன் யாராவது உள்ளே வந்து போனார்களா என்றும் பார்ப்பது நல்லது.

தண்ணீரூற்று:

கரண்ட் கதையை ஒருவரும் சொல்லவில்லையே. 2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தில், முல்லைத்தீவில் ஒரு கணினி நிலையத்துப் பெடியன் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடுகிற சேவரில், மென்பொருள் பொதிகளைப் புதுப்பிக்க 'யம் அப்டேட்' போட்டிருக்கிறான். ரவுட்டருக்கு யூபிஎஸ் இருந்தது, கொஞ்ச நேரத்தில் மொபைல் ரவரும் போய்விட்டது. எஸ்எஸ்எச் (தூரத்தில் இருந்து சேவருக்குக் கட்டளை கொடுக்கும் இணைப்பு) அறுந்தால் அதற்குள் ஓடிய வேலையும் பெரும்பாலும் அறும். பொதிகளில் பாதி புதுசு, பாதி பழசு. பேனல் எழும்பவில்லை.

என்னிடம் வந்தபோது 'யம் கம்ப்ளீட் ட்ரான்ஸாக்ஷன்' கொடுத்து விட்ட இடத்தில் இருந்து முடித்தேன், இரட்டையாகக் கிடந்த பொதிகளை 'பெக்கேஜ் கிளீனப்' காட்டியது. மிச்சத்துக்குச் சீபேனலின் 'செக் சீபேனல் பிகேஜிஎஸ்' ஸ்கிரிப்டை 'ஃபிக்ஸ்' போட்டு ஓடவிட்டேன். மீள நிறுவத் தேவை வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெடியன் 'ஸ்க்ரீன்' திறக்காமல் ஒரு கட்டளையும் அடிப்பதில்லை. இணைப்புப் போனாலும் வேலை சேவரில் ஓடிக்கொண்டிருக்கும், ரவர் வந்ததும் 'ஸ்க்ரீன் -ஆர்' என்று போய் ஒட்டிக்கொள்ளலாம்.

மாங்குளத்தான்:

அந்தச் சேவர் இன்னும் சென்ட்ஓஎஸ் 7இலா அண்ணை? அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30உடன் முடிந்துவிட்டதே. எனக்கு ஒன்றில் 'யம்' அடித்தால் பொதிகளை எங்கே எடுக்கலாம் என்று சொல்கிற மிரர்லிஸ்டின் பெயரே கிடைக்கவில்லை என்கிறது.

தண்ணீரூற்று:

ஓம் தம்பி, அந்த முகவரி நிறுத்தப்பட்டுவிட்டது. பொதிகள் வரும் இடத்தைக் குறிக்கிற ரெப்போ கோப்பில், பழைய பதிப்புகளின் களஞ்சியமான வோல்ட்டின் முகவரியைப் போட்டால் பழைய பொதிகள் வரும், புதுப் பாதுகாப்புத் திருத்தம் வராது. நான் இருந்த இடத்திலேயே உயர்த்தவில்லை. பக்கத்தில், சென்ட்ஓஎஸ்ஸுக்கு மாற்றான அல்மாலினக்ஸில் புதுச் சேவர் எடுத்துக் கணக்குகளை ஒவ்வொன்றாக மாற்றினேன். மாற்றுவதற்கு முந்தின நாளே டிஎன்எஸ்ஸில் (தளப் பெயரை ஐபியோடு இணைக்கிற பதிவில்) டிடிஎல்லை, அதாவது மற்றவர்கள் பழைய விடையை எத்தனை செக்கன் வைத்திருக்கலாம் என்ற எண்ணை, 14400இல் இருந்து 300ஆகக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் சிலருடைய மெயில் பழைய சேவரிலேயே இறங்கிக்கொண்டிருக்கும். பழையதை உடனே அணைக்க வேண்டாம், வாடகை முடியும் வரை விட்டு அதன் மெயில் லொக்கைப் பாருங்கள். எனக்கு இன்னும் ஒரு சங்கக்கடையின் கடிதங்கள் அங்கே வந்துகொண்டிருக்கின்றன. அவர்களின் டிஎன்எஸ் யாரிடம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.