ஆய்வு செய்யப் போனவர்கள், ஆய்வில் மாட்டியவர்கள்: உங்கள் கதையைச் சொல்லுங்கள்

சிப்புட் டீச்சர்:

போன வாரம் இங்கே ஒரு தங்கை, "முதுகலை ஆய்வுக்காகத் தோட்டப்புறப் பள்ளிக்குத் தரவு எடுக்கப் போகிறேன், என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால் தனியாகவே எழுதுகிறேன். உடற்கல்வியிலோ தொழிற்பயிற்சியிலோ ஆய்வு செய்தவர்களும், மற்றவர்களுக்குக் கேள்விப் பாரம் நிரப்பிக் கொடுத்தே கை ஓய்ந்தவர்களும் கீழே எழுதுங்கள்.

நான் மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லோரியில் குலை ஏற்றினார். நான் இப்போது தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, பகுதி நேரமாக முதுகலை. தோட்டத்துப் பிள்ளைகளின் உடல்தகுதிதான் தலைப்பு. பள்ளிகளில் எடுக்கும் செகாக் உடல்தகுதிச் சோதனை எல்லாருக்கும் நினைவிருக்கும். தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டு முதல் இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவம் வரை வருடத்துக்கு இரண்டு முறை நடப்பது. 3 நிமிடம் பலகை ஏறி இறங்குவது, தண்டால், படுத்தபடி பாதி எழுவது, காலை நீட்டி உட்கார்ந்து விரலால் எட்டுவது, கூடவே உயரமும் எடையும்.

என் சொந்தப் பள்ளியில் செய்யவில்லை. தினமும் பார்க்கிற டீச்சரிடம் ஒரு பிள்ளை எப்படி "மாட்டேன்" என்று சொல்லும்? பக்கத்துத் தோட்டப் பள்ளிக்குப் போனேன். கல்வி அமைச்சின் அனுமதி, மாநில இலாகா, தலைமையாசிரியர், கடைசியாகப் பெற்றோர் கையெழுத்து. இந்தப் பகுதி பொறுமையைச் சோதிக்கும், வேறொன்றும் இல்லை.

அப்புறம் மாதிரி அளவு, அதாவது எத்தனை பிள்ளைகளைச் சோதிப்பது என்பது. மேற்பார்வையாளர் கிரெஜ்சி, மார்கன் அட்டவணையைப் பார்க்கச் சொன்னார். 1970ல் வந்த அட்டவணை. மலேசியாவில் ஆய்வேடு எழுதியவர்களில் அதைப் புரட்டாதவர்கள் குறைவு. மொத்தம் 40 பேர் என்றால் 36 பேரை எடுத்தால் போதும் என்கிறது. அந்தப் பள்ளியில் 4, 5, 6ஆம் ஆண்டுகளைக் கூட்டினால் சரியாக 40 பிள்ளைகள். மீதி நான்கு பேரிடம் போய், "நீங்கள் மட்டும் நிழலில் உட்காருங்கள்" என்று யார் சொல்வது? 40 பேரையும் எடுத்தேன்.

இனிமேல்தான் கூத்து. பலகை ஏறும் சோதனைக்கு மெட்ரோனோம், அதாவது சீராகத் தாளம் தட்டும் கருவி, வேண்டும். நிமிடத்துக்கு 96 தட்டு. ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு என்று நான்கு தட்டுக்கு ஒரு சுற்று. ஆக நிமிடத்துக்கு 24 சுற்று, 3 நிமிடத்துக்கு 72. என் கைப்பேசியில் அதற்கான செயலியைப் போட்டு, சத்தம் போதாமல் ஒரு வெறும் மைலோ டின்னுக்குள் வைத்தேன். சனிக்கிழமை காலை எட்டரை. திடலுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். திருவிழாவுக்கு எட்டு நாள் இருந்தது.

முதல் வரிசையில் எட்டுப் பிள்ளைகள். ஒரு நிமிடம் ஒழுங்காகப் போனது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் உருமி இழுத்தது. அந்த முனகல் எழுந்ததும் தவில் இரண்டு சேர்ந்துகொண்டன. நான் நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகளின் காலைப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது எட்டு ஜோடிக் கால்களும் மைலோ டின்னை விட்டுவிட்டு உருமிக்குப் போயிருந்தன. பலகையின் ஓரத்தில் நான் ஒட்டிய சிவப்பு டேப் ஒரு பக்கம் பிய்ந்து பறக்கிறது. ஒரு பையன் தோளையும் சேர்த்து ஆட்டுகிறான். 72 வர வேண்டிய இடத்தில் அவனுக்கு 90க்கு மேல். ஏறி முடித்ததும் நாடி எண்ணச் சொன்னால், "டீச்சர், நெஞ்சு குதிக்குது, எண்ண முடியல" என்கிறான்.

அடுத்த வரிசையிலும் அதே கதை. 16 பேரின் கணக்கு அன்றைக்கே குப்பைக்குப் போனது. வேலியருகே போய்க் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னேன். உருமி வைத்திருந்தவன் என் பழைய மாணவன். என்னிடம் படித்த காலத்தில் எட்டுத் தண்டால்கூட முழுதாக எடுக்காதவன். இப்போது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ஊர்வலத்தில் நடக்கிறான். "டீச்சர், எங்களுக்கும் இன்னும் அடி சேரல" என்றான். என்ன சொல்ல முடியும்?

இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. பலகையின் உயரம் எல்லாருக்கும் ஒரே 30 செ.மீ. நான்காம் ஆண்டில் ஒரு சிறுவன் 121 செ.மீ. இருந்தான், அவனுக்கு அது தன் உயரத்தில் கால்வாசி. ஆறாம் ஆண்டில் 150 செ.மீ. பெண்ணுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு பேருக்கும் நாடி எண்ணி ஒரே கட்டத்தில் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆய்வேட்டில் அதை எழுதினேன். வரம்புகள் என்ற தலைப்பில், கடைசிக்கு முந்தின பக்கத்தில். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்!

6ஜி வெல்டர்:

டீச்சர், நான் மாட்டியவன் கட்சி. ஐந்தாம் படிவம் முடித்து ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங் சேர்ந்தேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். 22 பேருக்கு மெஷின் எட்டு, ஓடுவது ஐந்து. 7018 என்ற வெல்டிங் கம்பியைச் சூட்டுப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். ஈரம் ஏறினால் வெல்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, பிறகு வெடிப்பு விடும். எங்கள் சூட்டுப் பெட்டியில் காலையில் கம்பி இருக்காது, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் இருக்கும்.

ஒரு நாள் ஓர் அக்கா வந்தார், முனைவர் பட்ட ஆய்வாம். 48 கேள்வி, எல்லாம் மலாயில், 1 முதல் 5 வரை வட்டமிட வேண்டும். நான் பேனாவை எடுத்து 4, 4, 4 என்று படி இறங்குவது மாதிரி இறங்கிவிட்டேன். 5 போட்டால் ஜால்ரா. 3 போட்டால் வாத்தியார் ஏன் என்பார். 4 போட்டால் எவனும் ஒன்றும் கேட்க மாட்டான்.

இரண்டு வாரம் கழித்து அந்த அக்கா கட்டோடு திரும்பி வந்தார். பாரத்தில் பெயர் கிடையாது, அதனால் வகுப்பு முழுவதையும் பார்த்துக் கேட்டார். "பயிற்சி எனக்குப் பயனுள்ளது என்பதற்கு 4. பயிற்சியால் எனக்குப் பயனில்லை என்பதற்கும் 4. இப்படி 15 பாரம் இருக்கு. நான் எதை நம்புறது?" வேண்டுமென்றே சில கேள்விகளைத் தலைகீழாக வைத்திருந்தாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவனைத் தேநீருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தமிழில் கேட்டார். அப்போதுதான் பஸ் விஷயத்தைச் சொன்னேன். வகுப்பு முடிவது 5 மணி. எங்கள் தோட்டத்துப் பக்கம் போகிற கடைசி பஸ் 4.45. மோட்டார் இல்லாதவன் நாலரைக்கே கையைக் கழுவிக்கொண்டு ஓட வேண்டும். கடைசி அரை மணி நேரம்தான் மெஷின் காலியாகும், அதைப் பிடிக்க நாங்கள் இருக்க மாட்டோம். வருகைப் பதிவேட்டில் "சீக்கிரம் வெளியேறினார்" என்று சிவப்பு மை. தன் நோட்டில் அதற்கு "ஊக்கமின்மை" என்று தலைப்பு வைத்திருந்ததாக அவரே காட்டினார். என் எதிரிலேயே அடித்துவிட்டு "போக்குவரத்து" என்று எழுதினார். 48 கேள்வியில் பஸ் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை டீச்சர்.

இப்போது ஜொகூரில் பைப் வேலை. 6ஜி வெல்டிங் தேர்வு என்றால் குழாயை 45 பாகை சாய்த்துக் கட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, நாம்தான் சுற்றிச் சுற்றி உடம்பை வளைத்துப் பற்றவைக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் கிடைத்திருந்தால் இரண்டு வருடம் முன்பே தேறியிருப்பேன்.

லயத்துப் பையன்:

நாசி லெமாக் சூடாக இருந்ததா தம்பி?

6ஜி வெல்டர்:

இருந்தது அண்ணா. சம்பலில்தான் கொஞ்சம் இரும்பு வாடை.

உதிரிப்பழம்:

நான் விளையாட்டு அறிவியல் படிக்கிறேன். இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஐபேக் என்ற கேள்விப் பட்டியலைப் பயன்படுத்தினேன். கடந்த 7 நாளில் கடினமான, மிதமான செயல்பாடு எத்தனை நாள், எத்தனை நிமிடம், எவ்வளவு நடந்தீர்கள், எவ்வளவு உட்கார்ந்தீர்கள் என்று மொத்தம் ஏழே கேள்வி. தமிழில் நானே பெயர்த்து, முதலில் என் அம்மாவிடம் சோதித்துப் பார்த்தேன்.

"கடினமான உடற்பயிற்சி எத்தனை நாள் செய்தீர்கள்?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "நான் எங்கடி உடற்பயிற்சி செஞ்சேன்? அதெல்லாம் உங்க டீச்சருங்க செய்றது." பூச்சியம். அடுத்ததுக்கும் பூச்சியம். அம்மா செம்பனைக் காட்டில் உதிரி, அதாவது குலையிலிருந்து உதிர்ந்த பழம், பொறுக்குபவர். குனிந்து பொறுக்கி, சாக்கில் கட்டி, தள்ளுவண்டியில் ஏற்றிச் சடக்குவரை தள்ள வேண்டும். என் கணக்குப்படி அவர் அசையாமல் வாழ்கிறவர்!

தப்பு என்னுடையது. மூலத்தில் இருப்பது உடலால் செய்கிற எந்தச் செயலும். பாரம் தூக்குவதும் மண் வெட்டுவதும் அதில் எடுத்துக்காட்டாகவே இருக்கின்றன. நான் பழக்கத்தில் உடற்பயிற்சி என்று எழுதிவிட்டேன். நம் ஊரில் அந்தச் சொல் காலணி போட்டவர்களுக்கு மட்டும் உரியது. "மூச்சு வாங்குகிற வேலை" என்று மாற்றிக் கேட்டேன். வாரம் ஆறு நாள், நாளுக்கு நாலு மணி நேரம் என்றார்.

இன்னும் கேளுங்கள். மெட் என்பது சும்மா உட்கார்ந்திருப்பதைவிட எத்தனை மடங்கு உழைப்பு என்ற அளவு. செய்த நிமிடத்தைக் கடின வேலைக்கு 8 மெட் என்று பெருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வகையிலும் நாளுக்கு 180 நிமிடத்துக்கு மேல் போனால் 180 ஆகவே வெட்டிவிட வேண்டும் என்பது விதி. அம்மாவின் ஒரு மணி நேரம் அப்படிப் போனது. மீதி 6 × 180 × 8 = 8640. கடின வேலை மூன்று நாளாவது செய்து வாரத்துக்கு 1500 வந்தாலே உயர் நிலை. அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஒரு மணி நேரத்தைக் கணக்கெழுதுற கிராணி வெட்டினாரா, நீ வெட்டினியா?" என்று கேட்டார்.

லயத்துப் பையன்:

நடைக்கு எத்தனை மெட் தங்கச்சி?

உதிரிப்பழம்:

3.3 அண்ணா.

லயத்துப் பையன்:

அவ்வளவுதானா? 1998ல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் நம் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடந்து தங்கம் வாங்கினாரே, அவருக்கும் 3.3தானா?

உதிரிப்பழம்:

அது போட்டி நடை. மூச்சு வாங்குகிற கணக்கில் சேர்த்துவிடலாம்.

பழைய பட்டறை:

ஒரு சின்ன விஷயம். சான்றிதழ் இல்லாமல் பல வருடம் வேலை செய்தவர்கள் திறன் மேம்பாட்டு இலாகாவிடம் அனுபவத்தைக் காட்டியே எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது. மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. செய்த வேலைக்கு ஆதாரங்களைக் கோப்பாக அடுக்கி, மதிப்பீட்டாளர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதைப் பற்றித்தான் என் ஆய்வு. ஒரு தோட்டத்தில் 20 வருடம் லோரி, டிராக்டர் பழுது பார்த்த ஒரு மாமாவைப் பின்தொடர்ந்தேன். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். கோப்பில் வைக்கத்தான் ஒன்றும் இல்லை. தோட்டம் கைமாறிவிட்டது, பழைய நிர்வாகத்தின் கடிதத்துக்கு எங்கே போவது? கடைசியில் மாமி தகர டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய சம்பளச் சீட்டுகளைக் கட்டாக எடுத்து வந்தார். கூடவே ஒரு படம்: யாரோ கல்யாணத்தில், பட்டுச் சட்டையோடு லோரிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறார். மாப்பிள்ளை வீட்டு லோரி வழியில் நின்றுவிட்டதாம். அந்தப் படமும் கோப்பில் போனது. எஸ்.கே.எம். மூன்றாம் நிலை கிடைத்தது.

சிப்புட் டீச்சர்:

பட்டுச் சட்டைப் படத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது அண்ணா.

கேள்வி கேட்ட தங்கைக்கு ஒன்று மட்டும். எடுத்த எண்ணைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் பக்கம் அளந்துகொண்டு போனவர்கள் நிறைய, திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன். ஒன்றில் "எடை: குறைவு" என்று இருந்தது. மறுநாள் அந்தப் பிள்ளையின் பாட்டி திடலுக்கே வந்துவிட்டார். "என் வீட்ல சோறு இல்லன்னு ஊருக்கே எழுதிக் கொடுத்தியா?" அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து, வயதுக்கு ஏற்ற வரைபடத்தைக் காட்டி விளக்கினேன். கேட்டுக்கொண்டார், சமாதானம் ஆகவில்லை. அடுத்த முறை தாளில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "போன முறையைவிட 3 செ.மீ. வளர்ந்திருக்கிறாள்" என்று கையால் எழுதினேன். அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பதாக அந்தப் பிள்ளை சொன்னது.

உருமியால் விட்டுப்போன அந்த 16 பேருக்கு அடுத்த சனிக்கிழமையே மறுபடி பலகை வைத்தேன். இந்த முறை பள்ளி ஒலிபெருக்கியில் மெட்ரோனோம். உருமிக்காரன் பத்து மணிக்கு முன் தோல் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். பதிலுக்குத் திருவிழா அன்று மேளக் குழுவுக்குப் பசியாற நான்தான் கொடுக்க வேண்டியதாயிற்று. 14 பேர்.