போலோ ஜி.டி. காருக்கு டயர் மாற்றம்: செங்கோட்டை – புனலூர் மலைப்பாதைக்கு எந்த அளவு, எந்த மேம்பாடு முதலில்?

சாரல்வாசி (செங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2015ஆம் ஆண்டு மாடல் வோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. உள்ளது. தொழில் நிமித்தமாகச் செங்கோட்டையிலிருந்து புளியரை, எஸ் வளைவு, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கும், சில வேளைகளில் கொல்லம் வரைக்கும் அதில்தான் சென்று வருகிறேன். ஓட்டும் இன்பத்துக்காகவே தேடி வாங்கிய வண்டி என்பதால், எதை மாற்றினாலும் அது வண்டியின் குணத்தைக் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருக்கிறேன்.

இப்போது டயர் மாற்றியாக வேண்டும். கம்பெனி அளவு 185/60 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், ரிம் 15 அங்குலம்). முன் டயர்கள் இரண்டிலும் பட்டன் (தரைதொடும் ரப்பர்) தேய்ந்து, வரிப்பள்ளத்தின் அடியில் இருக்கும் தேய்மானக் குறியை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. பின் டயர்களில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. ஆனால் நான்குமே 2018இல் தயாரானவை. முன்னால் இரண்டு மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். எனக்கோ இந்த வாய்ப்பிலேயே 17 அங்குல அலாய் ரிம்மும் 205/45 டயரும் போட்டு, தாழ்வான ஸ்பிரிங், ஈ.சி.யூ. ரீமேப் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நிரலை மாற்றித் திறனைக் கூட்டுவது), வேறு சைலன்சர் ஆகியவற்றையும் படிப்படியாகச் செய்துவிடலாமா என்ற எண்ணம் இருக்கிறது. ஜூன் மாதம் சாரல் தொடங்குவதற்கு முன் முடிவெடுக்க விரும்புகிறேன். எது முதலில், எது தேவையே இல்லை, கேரள எல்லைக்குள் எது சிக்கலாகும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தென்காசி அண்ணாச்சி

தம்பி, டயர், அலைன்மெண்ட் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் முதலில் அந்த 'முன்னால் இரண்டு போதும்' என்ற யோசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் உயிரோடு தொடர்புடைய பகுதி அதுதான்.

உங்கள் வண்டியில் இழுவை முழுவதும் முன் சக்கரத்தில் இருப்பதால் முன் டயர் சீக்கிரம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் புதியதைப் போடுவதுதான் நியாயம் என்று எல்லோருக்கும் தோன்றும். ஈரச் சாலையில் நடப்பது வேறு. முன் டயர் பிடியை இழந்தால் வண்டி வளைவுக்கு வெளிப்பக்கமாக நேரே போகப் பார்க்கும். ஓட்டுபவர் இயல்பாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், வேகம் குறையும், பிடி திரும்பக் கிடைப்பதற்கு வாய்ப்பு உண்டு. பின் டயர் பிடியை இழந்தால் வண்டியின் பின்புறம் சுழன்று முன்னால் வர முயலும், அந்த நேரத்தில் காலை எடுப்பதே ஆபத்தை அதிகமாக்கிவிடும். கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது எடை ஏற்கெனவே முன்பக்கம் சாய்ந்து, பின் சக்கரங்கள் லேசாகித்தான் இருக்கும். அந்த இறக்கத்தில், ஈரத்தில், பின்னால் பழைய டயரும் முன்னால் புதிய டயரும் இருப்பது மிகவும் தவறான அமைப்பு. இரண்டு மட்டுமே வாங்க முடியும் என்றால், புதிய இரண்டும் பின்னால் போக வேண்டும். பின்னால் இருப்பவை முன்னால் வர வேண்டும். இ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணுக் கருவி) இருக்கிறதே என்று கேட்பீர்கள். டயர் தரையைப் பிடித்திருக்கும் அளவுக்குத்தான் அந்தக் கருவியாலும் எதையும் செய்ய முடியும்.

ஆனால் உங்கள் டயர்களின் வயதைப் பார்க்கும்போது நான்கையும் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். பட்டன் மிச்சம் இருந்தாலும் ரப்பர் ஆண்டுக்கணக்கில் இறுகிவிடுகிறது. வெயிலில் நிற்கும் வண்டியில் இன்னும் வேகமாக இறுகும். தேய்மானக் குறியின் உயரம் 1.6 மி.மீ. அது சட்டத்தின் கடைசி எல்லை. மழைக்கு அவ்வளவு தூரம் காத்திருக்கக் கூடாது, 3 மி.மீ. வந்தவுடன் மாற்றுவதே நல்லது, ஏனென்றால் தண்ணீரை வெளியேற்றுவது அந்தப் பள்ளங்கள்தான்.

அளவைப் பொறுத்தவரை, அதே ரிம்மில் 195/60 ஆர்15 உட்காரும். மொத்த விட்டம் 603 மி.மீ.யிலிருந்து 615 மி.மீ. ஆகும், மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 102. பக்கச்சுவரும் 6 மி.மீ. கூடுவதால் பள்ளத்தில் அடி குறையும். டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் 84 என்ற சுமைக் குறியீடு, ஒரு டயர் தாங்கக்கூடிய 500 கிலோவைக் குறிக்கும். அதற்குக் கீழே மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம். 17 அங்குலத்தில் 205/45 போட்டால் பக்கச்சுவர் 92 மி.மீ. மட்டுமே இருக்கும். பாரம் ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும் அந்தச் சாலையின் பள்ளங்களில் ரிம் வளைவதும், டயரின் பக்கம் வீங்குவதும் என் கடைக்கு அடிக்கடி வரும் வேலைகள்.

கல்லடைக்கரை (புனலூர்)

நான் புனலூரில் வசிக்கும் தமிழன். சட்டத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அந்தப் பிரிவை உறுதியாக விளக்கித் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து சென்றதுதான். அதே ஆண்டு திருத்தச் சட்டத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாக 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இவை நாடு முழுவதற்கும் பொதுவான சட்டங்கள். ஆனால் கேரள மோட்டார் வாகனத் துறை இவற்றைக் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்துகிறது என்பதை எல்லை தாண்டி ஓட்டுபவர்கள் அறிவார்கள். சத்தம் கூடிய சைலன்சர் சோதனையில் முதலில் காதில் விழும், ரிம் மட்காட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அடுத்துக் கண்ணில் படும்.

ஆகவே சைலன்சரையும் தாழ்வான ஸ்பிரிங்கையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. டயரிலும் தயாரிப்பாளர் கொடுத்த அளவில் நிற்பதே பாதுகாப்பு. விபத்து என்று ஒன்று நேர்ந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் பார்ப்பவற்றில் டயரும் ஒன்று.

பாலக்காட்டுக் கணவாய் (கொழிஞ்சாம்பாறை)

நானும் இதே எஞ்சின் கொண்ட போலோவை வைத்திருக்கிறேன். நெல்லியாம்பதிச் சாலையும் வால்பாறைச் சாலையும் எனக்குப் பழக்கம். அண்ணாச்சி சொன்னதில் அளவைப் பற்றி மட்டும் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து உண்டு. அகலம் கூடினால் பிடி கூடும் என்பது உலர்ந்த சாலைக்கு ஓரளவு பொருந்தும். எடை அதேதான் என்பதால், அகலமான டயர் தரையைத் தொடும் பரப்பு குறுக்கே நீண்டு, நெடுக்கே குறுகிவிடும். முன்னால் நிற்கும் தண்ணீரில் அதிகப் பங்கை அது தள்ளியாக வேண்டும். அதனால் தேங்கிய நீரில் அகலமான டயர் சற்று முன்னதாகவே மிதக்கத் தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஈரம் காயாத ஒரு பாதைக்கு 185 போதாது என்று சொல்ல முடியாது. வேறு அளவு வேண்டுமென்றால், ஜி.டி. மாடலுக்கு வோக்ஸ்வாகனே பின்னாளில் கொடுத்த 195/55 ஆர்16 இருக்கிறது. அதன் பக்கச்சுவர் 107 மி.மீ.; உங்களுடையதைவிட 4 மி.மீ. மட்டுமே குறைவு. வெளிச்சந்தை ரிம் வாங்கினால் ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 57.1 மி.மீ. என்பதைச் சரிபாருங்கள். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கு உரிய வளையம் போட வேண்டும். இல்லையென்றால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் ஸ்டீரிங்கில் அதிர்வு நிற்காது.

இனி மேம்பாடுகளுக்கு வருகிறேன். ரீமேப்பை நான் வெறுப்பவன் அல்ல. ஆனால் உங்கள் பாதைக்கு அது கடைசியில் வர வேண்டியது. இந்த எஞ்சின் 105 பி.எஸ். திறனும் 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. அதோடு இணைந்துள்ள டி.எஸ்.ஜி. பெட்டி (இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கி கியர் பெட்டி) எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை. அதன் வடிவமைப்பு எல்லை 250 நியூட்டன் மீட்டர். அந்த எல்லைக்குள்ளேயே ரீமேப் செய்துவிடலாம் என்று சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்தக் கிளட்சை வாட்டுவது திறந்த சாலையின் வேகத்தைவிட ஏற்றத்தில் ஊர்ந்து போவதுதான். எஸ் வளைவில் லாரி வரிசைக்குப் பின்னால் அரை அடி, ஒரு அடி என்று நகரும்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும்; எண்ணெய் இல்லாததால் சூடு இறங்க வழியில்லை. முன்னால் போதிய இடம் விட்டு நின்று, இடம் சேர்ந்த பிறகு ஒரே நகர்வாக நகர்ந்து, மறுபடி முழுமையாக நிறுத்துங்கள். கூடுதல் முறுக்குவிசையை அந்தக் கிளட்சின் மேல் ஏற்றுவதற்கு முன் இந்தப் பழக்கம் வர வேண்டும்.

பணத்தை முதலில் பிரேக்கில் போடுங்கள். இந்தக் காரில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இறக்கத்தில் சுமை பெரும்பாலும் முன் பேடுகளின் மேல் விழுகிறது. கம்பெனி அளவிலேயே, சூட்டைத் தாங்கும் நல்ல பேடுகள் கிடைக்கின்றன. அவற்றைவிட முக்கியமானது பிரேக் ஆயில். டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டிய ஆயிலுக்கு, ஈரம் ஏறிய நிலையில் தரநிலை கேட்பது 155 டிகிரி மட்டுமே. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய காரியமில்லை. ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சுபோல் இறங்கிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும், இறக்கத்தில் கியர் லீவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் இறங்குவதும், எந்த விலையுயர்ந்த சாமானும் தராத பாதுகாப்பைத் தரும்.

அடுத்தது ஷாக் அப்சார்பர். பத்து ஆண்டு ஓடிய வண்டியில் அவை தளர்ந்திருக்கும். ஷாக் தளர்ந்தால் டயர் சாலையில் துள்ளித் துள்ளி ஓடும், எவ்வளவு நல்ல டயரும் வீண்தான். உயரத்தை மாற்றாமல், கம்பெனி அளவிலான புதிய ஷாக்கும் புஷ்ஷும் மவுண்டும் போட்டுப் பாருங்கள். வண்டியின் குணம் கெடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குணம் பெருமளவு இங்கேதான் இருக்கிறது.

சாரல்வாசி (செங்கோட்டை)

அண்ணாச்சிக்கும் மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 17 அங்குல ரிம், ஸ்பிரிங், சைலன்சர் மூன்றையும் விட்டுவிட்டேன். 185/60 ஆர்15 அளவிலேயே நான்கு புதிய டயர்கள், அவற்றோடு முன் பேடு, பிரேக் ஆயில். ஷாக் அப்சார்பர் அதற்கு அடுத்த மாதம் என்று முடிவு செய்திருக்கிறேன். இனி எந்த டயர், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் மிச்சம். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவிலேயே ஓட்டுகிறோம். டயரில் அந்த ரப்பர் அதிகம் இருந்தால் நல்லதா என்ற சந்தேகமும் உண்டு.

தென்காசி அண்ணாச்சி

தம்பி, கடைசிச் சந்தேகத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். தோட்டத்து இயற்கை ரப்பருக்குச் சூடு கட்டாத தன்மை உண்டு, அதனால் லாரி டயரில் அதன் பங்கு அதிகம். கார் டயரின் தரைதொடும் பகுதியில் செயற்கை ரப்பர்தான் மிகுதி. ஈரத்தில் பிடிக்க வைப்பது அதோடு கலக்கும் சிலிக்கா. ஆகவே ஈரப்பிடிப்பை முன்னிறுத்தி வடிவமைத்த டயரைக் கேளுங்கள். கான்டினென்டல் அல்ட்ரா கான்டாக்ட் யூசி6, மிச்செலின் பிரைமசி 4எஸ்டி போன்றவை அந்த வகை. அப்போலோ அல்நாக் 4ஜி விலையில் இறங்கியது, நம் சாலைகளில் நன்றாக உழைக்கும். அதிக கிலோமீட்டர் ஓடும் என்பதை மட்டுமே பெருமையாகச் சொல்லும் டயரை இந்தப் பாதைக்கு நான் தர மாட்டேன். நீண்ட நாள் தேயாத ரப்பர் பெரும்பாலும் ஈரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து புதிய வடிவமைப்புகளுக்கும், 2023 ஏப்ரலிலிருந்து பழையவற்றுக்கும் ஏ.ஐ.எஸ். 142 என்ற இந்திய வாகனத் தரநிலை நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஈரப்பிடிப்புக்கு அதில் ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் டயருக்கு டயர் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

கடையில் பில் போடுவதற்கு முன் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும். 0825 என்றால் 2025ஆம் ஆண்டின் எட்டாவது வாரம். நான்கு டயரிலும் ஆறு மாதத்துக்குள் உள்ள தேதி வேண்டுமென்று கேளுங்கள், அதில் கூச்சப்பட வேண்டியதில்லை. டியூப்லெஸ் வால்வையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். நைட்ரஜனுக்குத் தனிப் பணம் கொடுக்க அவசியமில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காரில் ஒட்டியுள்ள பட்டியலின்படி, டயர் ஆறிய நிலையில் காற்று பார்த்தால் போதும். புதிய டயரின் மேல்பூச்சு தேயும்வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு ஈரத்தில் வேகம் வேண்டாம். சாரலுக்குச் சில வாரம் முன்பே மாற்றிவிடுவது இதனாலும் நல்லது.

அலைன்மெண்ட்டை இப்போது ஒருமுறையும், ஷாக் மாற்றிய பிறகு இன்னொரு முறையும் பார்த்தாக வேண்டும். வீல் போல்ட்டுகளை ஏர் கன் வைத்து முடித்துவிட விடாதீர்கள். உங்கள் வண்டிக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் கொண்டு கையால் இறுக்கச் சொல்லுங்கள். புனலூர் போய்த் திரும்பியதும், வண்டி ஆறிய பிறகு, அதே அளவில் ஒருமுறை மீண்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.