ஒரு மணி நேரம் ஊறிய புஷ்: எம்ஜிபி இன்ஜின் தகராறு

செவ்வாய்ப்பேட்டை லேத்:
போன வாரம் நம் பழைய கார் குழுவில் "இருபதாம் வளைவு" என்ற பெயரில் ஒரு தம்பி நாலு பக்கத்துக்குப் பெருமை எழுதியிருந்தார். சேலம் அஸ்தம்பட்டி வீட்டு போர்டிகோவில் வைத்தே 1966 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, ரீபில்ட் செய்த இன்ஜினை ஏற்றினாராம். சனிக்கிழமை காலையில் ஆரம்பம், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஸ்டார்ட், ஆறரைக்கு ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ. மற்றதெல்லாம் போகட்டும். நடுவில் ஒரு வரி இருந்தது: "ஸ்பிகாட் புஷ்ஷை ஒரு மணி நேரம் எண்ணெயில் போட்டு வைத்துவிட்டு அடித்தேன்." படித்ததும் பிரஷர் மாத்திரையைத் தேடினேன்.

ஒரு மணி நேரமா? அது இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் வாலில் உட்கார்ந்து, கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்குகிற புஷ். வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது, உடம்பெல்லாம் நுண்துளை. அந்தத் துளைகளில் எண்ணெய் இறங்க 24 மணி நேரம் வேண்டும். கியர் பாக்ஸைச் சேர்த்து மூடிய பிறகு அதற்குச் சொட்டு எண்ணெய் விட வழி கிடையாது. காய்ந்தால் முதலில் கத்தும், அப்புறம் ஷாஃப்ட்டைத் தின்னும். 31 வருஷமாக லேத் வைத்திருக்கிறேன். இப்படி ஊறாத புஷ்ஷால் திரும்பி வந்த வண்டிகள் எத்தனையோ.

இருபதாம் வளைவு:
வணக்கம் அண்ணா. நாலு பக்கத்தில் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதானா? 80.26 மில்லி போரை, அதாவது சிலிண்டர் துளையை, 40 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) பெரிதாக்கியதும், கிராங்க் கிரைண்டிங்கும், கிராங்கைத் தாங்குகிற ஐந்து மெயின் பேரிங்கும் புதிதாகப் போட்டதும் பொருட்டில்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றியதையும் எழுதியிருந்தேன். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலுக்கு விடாமல் கேம்ஷாஃப்ட்டுக்காக 2,000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட்டியதையும்தான். அதெல்லாம் தண்ணீரில் எழுதியதா?

புஷ்ஷின் ஒரு வாயைக் கட்டைவிரலால் மூடி, உள்ளே எண்ணெய் நிரப்பி, மறு வாயை இன்னொரு விரலால் அழுத்தினால் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். எனக்கு வியர்த்தது. வியர்த்தால் ஊறிவிட்டது என்று பொருள்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
வியர்த்தது புஷ்ஷா, தம்பியா? ஒரு மணி நேரம் என்று எழுதியது நீங்கள். 24 எங்கே, 1 எங்கே?

கொண்டலாம்பட்டி டீசல்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரீபில்ட் என்று எதைச் சொல்கிறோம்? ரிங் மாற்றி வால்வு அரைத்ததைக்கூட எங்கள் பக்கம் ரீபில்ட் என்றுதான் பில் போடுகிறார்கள். போர் அடித்து, கிராங்க் அரைத்து, ஹெட் ஃபேஸிங் செய்தால் அது வேறு வேலை. அதை முதலில் பேசிக்கொண்டால் நல்லது.

அம்பாசடர் பக்தன்:
ரீபில்ட் கிடக்கட்டும். எம்ஜிபி எம்ஜிபி என்று ஏன் இவ்வளவு குதிக்கிறீர்கள்? அதில் இருப்பது பிரிட்டிஷ் கம்பெனி பிஎம்சியின் பி சீரிஸ் இன்ஜின். 1959இலிருந்து நம் அம்பாசடரில் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான். எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏ 1500இல் இருந்ததும் அதே 1,489 சிசி. லண்டனில் தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டினால் ஸ்போர்ட்ஸ் கார், சேலம் ஜங்ஷனில் கூரை மேல் மூட்டை கட்டினால் டாக்சி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபதாம் வளைவு:
பக்தரே, குடும்பம் ஒன்றுதான், பிள்ளைகள் வேறு. உங்களுடையது மூன்று மெயின் பேரிங். எம்ஜிபியும் 1962இல் மூன்றோடுதான் பிறந்தது, 1964 கடைசியில் ஐந்தாக மாறியது. என்னுடையது 1966, 1,798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். டாக்சி ஸ்டாண்டில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள்.

அம்பாசடர் பக்தன்:
டாக்சி ஸ்டாண்ட் என்றால் கேவலமா? என் அப்பா 22 வருஷம் அம்பாசடர் ஓட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். ஐந்து பேர், ஒரு கூடை மாம்பழம், ஒரு ஆடு, இத்தனையையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறிய வண்டி அது. உங்கள் வண்டியில் இரண்டாவது ஆள் உட்கார்ந்தால் மூன்றாவதாகக் குடைக்குக்கூட இடம் கிடையாது.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
ஆடு, குடை எல்லாம் அப்புறம். 24 மணி நேரமா, ஒரு மணி நேரமா? தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். க்ளட்ச்சை மிதிக்காதபோது கிராங்கும் ஷாஃப்ட்டும் சேர்ந்தே சுற்றும், புஷ்ஷுக்கு வேலை இல்லை. மிதித்தால்தான் ஒன்று சுற்ற, மற்றது நிற்கும். அப்போதுதான் உரசும். இவர் முதல் நாளே எங்கே போனார்? 20 கொண்டை ஊசி வளைவுக்கு. அந்த வருஷத்து எம்ஜிபி கியர் பாக்ஸில் ஒன்றாம் கியருக்கு சிங்க்ரோ, அதாவது பல் சக்கரங்களின் வேகத்தைச் சமமாக்கிச் சேர்க்கிற அமைப்பு, கிடையாது. ஓடும்போது ஒன்றாம் கியருக்கு இறக்க வேண்டுமென்றால் இரட்டை மிதி மிதிக்க வேண்டும். வளைவுக்கு இரண்டு மிதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 40 ஆகிறது. காய்ந்த புஷ்ஷில் 40 மிதி. நினைத்தாலே பல் கூசுகிறது.

கோவைக்காரன்:
படித்துவிட்டுச் சிரிக்கிறேன். இந்த வேலையையெல்லாம் கோயம்புத்தூருக்குக் கொண்டுவந்திருந்தால் இத்தனை பேச்சே வந்திருக்காது. எங்கள் ஊரில் ரேஸ் ட்ராக்கே இருக்கிறது. இன்ஜின் என்றால் என்ன என்று தெரிந்த ஊர்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
வந்துவிட்டாரய்யா. சேலத்து லேத்தில் கடைந்ததைக் கொண்டுபோய், பாலீஷ் போட்டு, கோவை ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர்களை எனக்குத் தெரியும். ஊர்ப் பெயர் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

கோவைக்காரன்:
எழுதிவிட்டீர்களே!

குகை கார்த்தி:
அண்ணா, பழைய கையேடுகளில் 24 மணி நேரத்துக்குக் கீழே அவசர வழி ஒன்றும் போட்டிருக்கும். எண்ணெயை 100 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மணி நேரம் புஷ்ஷைப் போட்டு வைத்து, எண்ணெய் ஆறிய பிறகு எடுக்கலாம். எனவே 24 என்பது கல்வெட்டு இல்லை.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
இரண்டு மணி நேரம். அதுவும் சூட்டில். தம்பி எழுதியது ஒரு மணி நேரம், சூடாக்காத எண்ணெயில். நீங்கள் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள் கார்த்தி, நன்றி.

குகை கார்த்தி:
நான் எந்தக் கட்சியும் இல்லை.

நாகலூர் காபி:
நான் மலைமேல் இருக்கிறவன். எனக்கு உறுத்துவது புஷ் இல்லை, பயணம். புதிதாகப் போர் அடித்த இன்ஜினை முதல் நாளே அடிவாரத்திலிருந்து தூக்கிக்கொண்டு ஏறலாமா? முதல் 800 கிலோமீட்டருக்கு இன்ஜினை வருத்தாதே என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள்.

இருபதாம் வளைவு:
தொட்டில் குழந்தை மாதிரி வைத்திருந்தால் ரிங் சுவரில் படியாது, போர் கண்ணாடி ஆகிவிடும், அப்புறம் ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும். கொஞ்சம் லோடு கொடுத்து, விட்டு, மறுபடி கொடுப்பதுதான் ரிங்குக்கு நல்லது. ஏற்காட்டு ரோட்டில் அது தானாகவே நடக்கிறது. வளைவில் விடு, நேரில் மிதி. மூவாயிரத்துக்கு மேல் நான் ஏற்றவே இல்லை. டெம்பரேச்சர் முள்ளும் நடுவைத் தாண்டவில்லை.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
ரிங்கைப் பற்றி நான் கேட்கவில்லை. புஷ்.

அழகாபுரம் எலெக்ட்ரீஷியன்:
நண்பரே, உங்கள் படத்தில் பேட்டரி வயர் மாறியிருக்கிறது. பிளஸ் பாடியில் இறங்குகிறது. உடனே கழற்றுங்கள். வயரிங் எரிந்தால் புஷ்ஷாவது ரிங்காவது.

இருபதாம் வளைவு:
அது மாறவில்லை சார். 1966 எம்ஜிபி பாசிட்டிவ் எர்த். சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரி, பிளஸ்தான் பாடிக்கு. நீங்கள் சொல்கிறபடி மாற்றியிருந்தால்தான் ஆபத்து.

அழகாபுரம் எலெக்ட்ரீஷியன்:
எந்த ஊரிலும் பிளஸ் பாடிக்குப் போகாது. நான் ஐடிஐ.

அம்பாசடர் பக்தன்:
ஐடிஐ என்றால் சரி, விட்டுவிடுவோம்.

அழகாபுரம் எலெக்ட்ரீஷியன்:
இந்தக் கிண்டலுக்குத்தான் இங்கே நல்லவன் எவனும் எழுத வருவதில்லை. போன தீபாவளிக்கு டைனமோ விஷயத்திலும் இதே ஆள்தான் பல்லைக் காட்டினார். மறக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
மூன்றாவது தடவை கேட்கிறேன். ஒரு மணி நேரமா, 24 மணி நேரமா?

இருபதாம் வளைவு:
சரி, கேளுங்கள். வெள்ளிக்கிழமை இரவே புஷ்ஷை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எண்ணெய் ஊற்றிப் போட்டுவிட்டேன். ஞாயிறு காலை எடுத்து, புது எண்ணெயில் இன்னும் ஒரு மணி நேரம் போட்டேன். நான் எழுதியது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை. பாட்டில் படத்தைப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
பார்த்தேன். பாட்டிலுக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் "திங்கள்" என்று தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டிக்குள் போன புஷ், திங்கட்கிழமை பாட்டிலில் எப்படி இருக்கும்? ஆவியா?

இருபதாம் வளைவு:
எங்கள் வீட்டில் தாள் கிழிப்பது அப்பா. அவர் அந்த வாரம் திருச்செங்கோட்டில் அக்கா வீட்டில் இருந்தார். வாரம் முழுக்க அதில் திங்கள்தான்.

நாகலூர் காபி:
எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பொங்கலுக்குப் போனால் கார்த்திகை தொங்கும்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
நல்ல அப்பா. நல்ல அக்கா.

குகை கார்த்தி:
ஒரு சந்தேகம். இருபதாம் வளைவு, உங்கள் முதல் பதிவை மறுபடி படித்தேன். "குகையில் ஒரு லேத்தில் பாஸ்பர் பிரான்ஸ் ராடில் கடைந்து வாங்கிய புஷ்" என்று எங்கள் குகைப் பகுதியைச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். ராடில் கடைந்தது கெட்டி உலோகம். அதில் நுண்துளையே கிடையாது. ஒரு மணி நேரம் போட்டாலும் ஒரு வருஷம் போட்டாலும் உள்ளே ஒன்றும் இறங்காது. மேலே லேசாக கிரீஸ் தடவி அடிக்க வேண்டியதுதான். இரண்டு பேரும் எந்த ஊறலுக்காக நாலு நாளாக அடித்துக்கொள்கிறீர்கள்?

கொண்டலாம்பட்டி டீசல்:
இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே சொன்னேன். எது என்னவென்று முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.

இருபதாம் வளைவு:
எனக்கு வியர்த்ததே!

குகை கார்த்தி:
அது விரல் ஓரத்தில் கசிந்திருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
ஆகா. பொடி வெண்கலம்கூட இல்லையா? அப்படியானால் இன்னும் மோசம். கெட்டி வெண்கலத்தை ஒரு மணி நேரம் எண்ணெயில் போட்டவர் இன்ஜின் வேலையைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். அதுவும் குகை லேத்தில்! என் பட்டறை இங்கே ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது.

இருபதாம் வளைவு:
இப்போதுதான் விஷயம் புரிகிறது அண்ணா. புஷ்ஷை உங்களிடம் கடைந்திருந்தால் ஒரு மணி நேரம் போதும் என்றிருப்பீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
என்னிடம் வந்திருந்தால் 24 மணி நேரம் ஊற வைத்துத்தான் கையில் கொடுத்திருப்பேன்.

கோவைக்காரன்:
கெட்டி வெண்கலத்தையா?

செவ்வாய்ப்பேட்டை லேத்:
உங்களிடம் பேசவில்லை.

அம்பாசடர் பக்தன்:
பழைய புஷ்ஷை எப்படி வெளியே எடுத்தீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. நான் எப்போதும் ஓட்டைக்குள் கிரீஸை அடைத்து, சரியான அளவு ராடை வைத்து சுத்தியால் நாலு தட்டு தட்டுவேன். கிரீஸ் பின்பக்கமாகப் போய் புஷ்ஷைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். கிரீஸ் இல்லாத இடத்தில் ஊறிய காகிதமும் போதும்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
காகிதம் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்?

நாகலூர் காபி:
இன்னொன்று கவனித்தீர்களா? ஞாயிறு ஐந்து மணிக்கு ஸ்டார்ட் என்கிறார். நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம்.

அழகாபுரம் எலெக்ட்ரீஷியன்:
பிளஸ் பாடியில் இறங்கினால் ராகு காலம் என்ன, நல்ல நேரம் என்ன.

இருபதாம் வளைவு:
வண்டி இதுவரை 600 கிலோமீட்டர் ஓடிவிட்டது. க்ளட்ச் மிதித்தால் சத்தம் இல்லை, கியர் விழுகிறது, எண்ணெய் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி மேலே போகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் கோரிமேட்டில் நில்லுங்கள், ஏற்றிக்கொண்டு போகிறேன். ஒரு ஆளுக்குத்தான் இடம்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
600 கிலோமீட்டரில் எந்தப் புஷ்ஷும் கத்தாது. ஆறாயிரத்தில் வந்து சொல்லுங்கள். கோரிமேட்டில் எத்தனை மணிக்கு?